கொள்ளைப் பொருள் எப்படி 'சேகரிப்பு' ஆனது? பெனின் வெண்கலங்களின் சந்தை, எளிய விளக்கம்

"பெனின் வெண்கலங்கள்" என்ற பெயர் அவ்வப்போது செய்திகளில் அடிபடும். ஏதாவது ஓர் அருங்காட்சியகம் சில சிலைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கும், இல்லையென்றால் கொடுக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கும். உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "பிரிட்டிஷ் மியூசியம்காரர்கள் எல்லாவற்றையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்" என்பார் ஒருவர். "காசு கொடுத்து வாங்கியதுதானே, பில் இருக்கிறதே" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது பாதி உண்மை. இரண்டாமவர் சொல்வதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் இருப்பது 1897-க்குப் பிறகு லண்டனில் நடந்த ஒரு வியாபாரத்தில். படையெடுப்பைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அதை ஒட்டி நடந்த விற்பனையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இரண்டு குழப்பம்

முதல் குழப்பம் "பெனின்". இன்று வரைபடத்தில் பெனின் என்று ஒரு நாடு இருக்கிறது. அதற்கும் இந்தச் சிலைகளுக்கும் சம்பந்தமில்லை. அந்த நாட்டின் பழைய பெயர் டஹோமி. 1975-ல்தான் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் பேசும் பெனின், இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த ஒரு பழைய அரசு. அதன் தலைநகரம் பெனின் சிட்டி, மக்கள் எடோ இனத்தவர், அரசருக்கு "ஓபா" என்று பெயர். ஆட்சி அதிகாரம் இல்லாவிட்டாலும் ஓபா பரம்பரை இன்றும் அதே ஊரில் தொடர்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது குழப்பம் "வெண்கலம்". நம் வீட்டு அடுக்களையில் இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். பொங்கல் வைக்கும் பானை வெண்கலம், குத்துவிளக்கு பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. பெனின் சிலைகளில் பெரும்பாலானவை உண்மையில் பித்தளை. ஐரோப்பியர்கள் வெண்கலம் என்று எழுதிவிட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்குள் உலோகம் மட்டும் அடங்கியிருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அரண்மனையிலிருந்து எடுத்துப் போன தந்தம், மரம், பவளம் எல்லாவற்றையும் சேர்த்தேதான் பல சமயம் அப்படிச் சொல்கிறார்கள்.

அங்கே இருந்தபோது அவை என்னவாக இருந்தன

பெனின் சிட்டியில் இகுன் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. ஓபாவுக்காக உலோகம் வார்க்கும் குடும்பங்களின் தெரு. பல நூற்றாண்டுகளாக அவர்கள் செய்துவரும் முறை மெழுகு வார்ப்பு. உருவத்தை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசுவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் இதே முறைதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம் உற்சவ மூர்த்திகள் உள்ளே கெட்டியான கன வார்ப்பு. பெனினின் அரச தலைகள், அதாவது அரசர்களின் தலை உருவங்கள், உள்ளே பொள்ளலாக, மெல்லிய சுவரோடு வார்க்கப்பட்டவை. மெழுகின் கனம் ஓரிடத்தில் குறைந்தாலும் அங்கே உலோகம் ஓடாமல் நின்றுவிடும். மிகவும் தேர்ந்த கை வேண்டும்.

உலோகம் எங்கிருந்து வந்தது? பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து போர்த்துகீசியர்கள் அந்தக் கடற்கரைக்கு வந்தார்கள். குதிரைலாடம் போல வளைந்த பித்தளை வளையங்களைக் காசு போலக் கொடுத்தார்கள். அவற்றுக்கு மணில்லா என்று பெயர். மிளகு, தந்தம் மட்டுமல்ல, அடிமைகளையும் அந்த வளையங்களைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த வளையங்கள் உருகித்தான் சிலைகளாயின. இந்தக் கசப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு தகட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒன்றரை அடி உயரம் இருக்கும். நடுவில் ஓபா, கழுத்திலிருந்து வாய்வரை அடுக்கடுக்காகப் பவள மாலை. இரண்டு பக்கமும் கேடயம் பிடித்த வீரர்கள், அரசரைவிடச் சிறிய உருவங்களாக. பின்னணியில் ஓர் அங்குலம்கூட வெறுமனே விடவில்லை, முழுக்க நாலு இதழ் இலைக்கோலம். ஓரங்களில் ஆணி அடித்த துளைகள். அரண்மனைத் தூண்களில் இவற்றை வரிசையாக ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் செய்த இப்படிப்பட்ட புடைப்புத் தகடுகள் ஏறக்குறைய 900 இருக்கின்றன. யார் எந்தப் பதவியில் இருந்தார், எந்த விழாவில் என்ன அணிந்தார், எந்தப் போரில் யாரைப் பிடித்தார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. எடோ மொழியில் "நினைவுகூர்" என்பதற்கான ஒரு சொல்லுக்கு நேர்ப்பொருள் "உலோகத்தில் வார்" என்பதுதான்.

தலைகள் வேறு வகை. புதிய ஓபா பட்டத்துக்கு வந்ததும் தன் தந்தைக்கு ஒரு பீடம் அமைப்பார். அதில் தலைகளை வைப்பார்கள். தலையின் உச்சியில் ஒரு வட்டமான ஓட்டை இருக்கும். செதுக்கு வேலை நிறைந்த முழு யானைத் தந்தத்தை அந்த ஓட்டையில் செருகி நிறுத்துவார்கள். தலை, தந்தம், மணி, கோல் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பீடம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இவை விற்பதற்காகச் செய்த கலைப்பொருட்கள் அல்ல. ஓர் அரச குடும்பத்தின் ஆவணங்களும் வழிபாட்டுப் பொருட்களும். சந்தையில் இவற்றுக்கு விலையே இருந்ததில்லை.

1897

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷார் அந்தக் கடற்கரையில் பாமாயில், ரப்பர் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். ஓபா ஒவொன்ராம்வென் தன் எல்லைக்குள் நடக்கும் வியாபாரத்தைத் தானே கட்டுப்படுத்தினார். 1892-ல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அது என்ன சொல்கிறது என்பதை இரு தரப்பும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளவில்லை. 1896 நவம்பரில் அந்தப் பகுதியில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, தற்காலிகக் கான்சல் ஜெனரல் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓபாவைப் பதவியிறக்க அனுமதி கேட்டார். செலவை ஈடுகட்டும் அளவுக்கு அரசர் வீட்டில் தந்தம் கிடைக்கும் என்று நம்புவதாகவும் அதிலேயே எழுதினார்.

அனுமதி வருவதற்குள் அவரே ஒரு குழுவோடு கிளம்பினார். சடங்கு நடக்கும் நேரம், இப்போது வர வேண்டாம் என்று ஓபா சொல்லி அனுப்பியும் நிற்கவில்லை. 1897 ஜனவரியில் வழியில் தாக்கப்பட்டார்கள். வெள்ளையர்களில் இருவர்தான் தப்பினார்கள். கூடப் போன ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள் பலரும் இறந்தார்கள். அடுத்த மாதமே அட்மிரல் ஹாரி ராசன் தலைமையில் ஏறக்குறைய 1,200 பேர் கொண்ட படை கிளம்பியது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் "தண்டனைப் படையெடுப்பு". ஒரு குற்றத்துக்காக ஊரையே தண்டிப்பது என்று பொருள். பிப்ரவரி 18-ம் தேதி நகரம் விழுந்தது. சில நாளில் தீப்பிடித்து அரண்மனை எரிந்தது. எடோ மக்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. ஓபாவைக் கலபார் என்ற துறைமுக ஊருக்கு நாடுகடத்தினார்கள். 1914-ல் அங்கேயே இறந்தார்.

கொள்ளை இரண்டு பங்காகப் பிரிந்தது

பலரும் தவறவிடும் இடம் இதுதான். எடுத்த பொருட்கள் ஒரே மூட்டையாகக் கட்டி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகவில்லை.

ஒரு பங்கு அரசாங்கத்தின் பெயரில் போனது. ஒரு வீட்டில் புழுதிக்குள் நூற்றுக்கணக்கான தகடுகள் அடுக்கிக் கிடந்ததைப் படையினர் கண்டார்கள். அவற்றில் பெரும்பகுதி அரசுச் சொத்தாக லண்டன் வெளியுறவு அலுவலகத்துக்குச் சென்றது. 1897 செப்டம்பரில் சுமார் 300 தகடுகளை பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். சுமார் 200 தகடுகள் அங்கேயே தங்கின. அவற்றின் பதிவெண்ணே 1898 ஜனவரி 15 என்ற தேதியோடு தொடங்குகிறது. மீதியை அரசாங்கமே விற்றது.

இன்னொரு பங்கு அதிகாரிகளின் சொந்தப் பெட்டிகளுக்குள் போனது. சக அதிகாரிகள் உளியும் சுத்தியலுமாக அலைந்து உருவங்களைப் பெயர்த்தெடுத்ததைப் படையில் இருந்த ஒருவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பதவியில் உயர்ந்தவருக்கு நல்லது முதலில், கீழே இருப்பவருக்கு மிச்சம். எரிந்த முற்றத்தில் தகடுகள் தரையில் குவிந்து கிடக்க, அதன் நடுவே அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"போர்ச் செலவுக்காக வெண்கலங்களை விற்றார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஃபிலிப்ஸ் கணக்குப் போட்டது தந்தத்தை வைத்து. வெண்கலங்கள் இருப்பதே லண்டனில் அப்போது அநேகமாக யாருக்கும் தெரியாது. சந்தையைப் பெருமளவில் நிரப்பியது அரசாங்கம் அல்ல, ஊருக்குத் திரும்பிய அதிகாரிகளின் பெட்டிகள்.

சந்தை எப்படி இயங்கியது

ஒரு கல்யாண வீட்டின் பழைய பாத்திரங்கள் கடைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு எடைதான் தெரியும். வாங்கும் கடைக்காரருக்கு அதை யார் தேடுகிறார்கள் என்று தெரியும். இந்த இரண்டு அறிவுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அவருடைய லாபம். பெனின் பொருட்களின் வியாபாரமும் இப்படித்தான் தொடங்கியது.

லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் கிங் தெரு 38-ம் எண்ணில் ஸ்டீவன்ஸ் ஏல விடுதி இருந்தது. பறவை முட்டை, வண்ணத்துப்பூச்சி, பதப்படுத்திய விலங்கு, தொலைதூரத் தீவுகளின் ஈட்டி எல்லாம் அங்கே ஏலம் போகும். படையெடுப்பு முடிந்த அதே 1897-ல் பெனின் பொருட்களும் அங்கே ஏலத்துக்கு வந்துவிட்டன. அதாவது முதலில் அவை கலையாகவே விற்கப்படவில்லை. வினோதப் பொருளாக விற்கப்பட்டன.

ஏல விடுதிக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்றவர்கள் டீலர்கள். இந்தக் கதையில் முக்கியமான டீலர் வில்லியம் டவுனிங் வெப்ஸ்டர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பைசெஸ்டர் என்ற ஊரில் கடை வைத்திருந்தார். அவருடைய திறமை படம் போட்ட விலைப்பட்டியல். 1895-லிருந்து 1901 வரை வரிசையாக அச்சிட்டு அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அனுப்பினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு சிறு விவரம். 1897-க்குப் பிறகு அந்தப் பக்கங்களில் பெனின் பொருட்கள் பெருகின. அதிகாரிகளிடம் வாங்குவார், ஏலத்தில் எடுப்பார், பட்டியலில் போட்டு விற்பார். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் உம்லாஃப் நிறுவனம் இதே வேலையைச் செய்தது.

வாங்கியவர்கள் யார்? ஜெனரல் பிட்-ரிவர்ஸ் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரில் உள்ள மியூசியத்தை 1884-ல் தன் முதல் சேகரிப்பைக் கொடுத்துத் தொடங்கிவைத்திருந்தார். அதற்குப் பிறகு டார்செட்டில் ஃபார்னம் என்ற இடத்தில் தனக்கென்று ஒரு தனி மியூசியம் வைத்திருந்தார். இரண்டும் வேறு வேறு, பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 1897-லிருந்து பெனின் பொருட்களைத் தொடர்ந்து வாங்கி, ஒவ்வொன்றையும் வரைந்து, 1900-ல் நூலாக வெளியிட்டார். அந்த வருடமே இறந்துபோனார்.

அவரைவிடப் பெரிய வாங்குநர் பெர்லின் அருங்காட்சியகத்தின் ஃபெலிக்ஸ் ஃபான் லுஷான். இத்தாலியச் சிற்பி செல்லினியே வந்தாலும் இதைவிட நன்றாக வார்த்திருக்க முடியாது என்று எழுதியவர். லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் ஹன்ஸ் மேயர், ஆங்கிலேயர்கள் இப்படிப்பட்ட பொருட்களை எப்படிக் கைவிடுகிறார்கள் என்பது புதிராக இருக்கிறது என்று லுஷானுக்கே எழுதினார். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஆசை இருந்தும் கையில் அவ்வளவு பணம் இல்லை. ஜெர்மானியர்கள் மளமளவென்று வாங்கினார்கள். பெர்லினில் மட்டும் 500-க்கும் மேல் சேர்ந்தது. படையெடுத்தது பிரிட்டன், ஆனால் ஜெர்மனியில் இவ்வளவு பொருள் இருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

விலை ஏறியதற்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் பல ஐரோப்பிய அறிஞர்கள் இதை ஆப்பிரிக்கர்கள் செய்திருக்க முடியாது என்றே நினைத்தார்கள். எகிப்தியர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், போர்த்துகீசியர் கற்றுத் தந்திருப்பார்கள் என்றெல்லாம் ஊகித்தார்கள். பிறகு ஆய்வு நூல்கள் வந்தன. 1899-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ரீட், டால்டன் இருவரும் எழுதிய பெரிய நூல் வந்தது. ஒவ்வொரு நூலும் பொருளின் மதிப்பைக் கூட்டியது. மதிப்புக் கூடியதும் அதிகாரிகள் பெட்டியிலிருந்து இன்னும் கொஞ்சத்தை வெளியே எடுத்தார்கள். அது ஏலத்துக்கு வந்தது, இன்னொரு ஆய்வாளர் வாங்கினார். அறிவுத்தேடலும் வியாபாரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயின. பொருளின் சொந்தக்காரர் கலபாரில் நாடுகடத்தப்பட்டு இருந்தார். அவருக்கு இதில் ஒரு பென்னியும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை.

சுருக்கமாக: அதிகாரியிடமிருந்து ஏல விடுதி, அங்கிருந்து டீலர், டீலரிடமிருந்து சேகரிப்பாளரோ மியூசியமோ. ஒவ்வொரு படியிலும் ஒரு ரசீது பிறந்தது.

"பில் இருக்கிறதே" என்றால்?

திருட்டு பைக் ஒன்றை நீங்கள் தெரியாமல் வாங்கிவிட்டீர்கள். காசு கொடுத்தது உண்மை, கையில் ரசீது இருப்பதும் உண்மை. பைக்கைத் தொலைத்தவர் போலீஸோடு வந்தால் அந்த ரசீது உங்களைக் காப்பாற்றாது. விற்றவருக்கே சொந்தமில்லாத ஒன்றை அவர் எப்படி உங்களுக்குச் சொந்தமாக்குவார்? ஐந்து பேர் கைமாறி வந்தாலும் இதே கதைதான்.

ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எப்படிப் போனது என்ற தொடர்ச்சியை இங்கே "கைமாறிய வரலாறு" என்று சொல்வோம். ரசீது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத்தான் காட்டும். முதல் கண்ணி என்ன என்று பார்க்க வேண்டும்.

அந்தக் காலச் சட்டப்படி போரில் எடுத்தது செல்லும் என்று ஒரு வாதம் உண்டு. இதை ஒதுக்கித் தள்ளாமல் கேட்க வேண்டும், ஏனென்றால் அன்றைய பிரிட்டிஷ் அரசு உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொண்டது. ஆனால் இரண்டே வருடத்தில், 1899-ல், ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் கொள்ளையடிப்பது கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டன. பிரிட்டனும் அதில் இருந்தது. அந்த விதி கையெழுத்திட்ட நாடுகளுக்குள் நடக்கும் போருக்கு மட்டும்தான். கொள்ளையடிப்பது தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெனினைப் பாதுகாக்கும் வேலியாக அந்த விதியை அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

பைக் உதாரணம் ஓரிடத்தில் பொருந்தாது. வெப்ஸ்டரோ பிட்-ரிவர்ஸோ தெரியாமல் வாங்கவில்லை. பெனினிலிருந்து 1897-ல் எடுத்தது என்பதுதான் பொருள் அசல் என்பதற்கான அத்தாட்சியே. இன்றும் ஏலச் சந்தையில் அந்த வருடம் ஒரு தரமுத்திரை போல வேலை செய்கிறது. கொள்ளையின் தேதிதான் விலையைக் கூட்டுகிறது.

வியாபாரம் உடைத்தது எதை

முன்னால் சொன்ன பீடம் நினைவிருக்கிறதா? தலை ஒரு லாட்டாகவும் தந்தம் இன்னொரு லாட்டாகவும் ஏலம் போயின. லாட் என்றால் ஏலத்தில் ஒரு தொகுப்பாக விற்கப்படும் பொருள். இன்று ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அரச தலையைப் பார்ப்பவருக்கு உச்சியில் ஏன் ஓட்டை என்று தெரியாது. அந்தத் தந்தம் வேறு ஏதோ நாட்டில் இருக்கும். எந்தத் தலைக்கு எந்தத் தந்தம், எந்தப் பீடம் எந்த ஓபாவுடையது என்பதைப் படையினர் குறித்து வைக்கவில்லை. வாங்கியவர்களாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. தகடுகள் எந்தத் தூணில் எந்த வரிசையில் இருந்தன என்பதும் அப்படியே. கல்யாண ஆல்பத்தைக் கிழித்து ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு ஊரில் விற்றது போல. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. கதை போய்விட்டது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

2022-ல் தொடங்கிய டிஜிட்டல் பெனின் என்ற இணையத் தளம் சிதறியவற்றைக் கணக்கெடுத்தது. 20 நாடுகளில் 131 நிறுவனங்களில் 5,246 பொருட்கள். தனியார் வீடுகளில் இருப்பவை இதில் சேராது. பிட்-ரிவர்ஸின் ஃபார்னம் சேகரிப்பும் இருபதாம் நூற்றாண்டில் கலைந்து மறுபடி சந்தைக்குப் போனது. 2007-ல் நியூயார்க்கில் ஓர் அரச தலை 40 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. வரிசையாக வந்த டீலர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் லாபம் கொடுத்தபடி வந்த பொருட்கள் இவை. விக்டோரியா மகாராணி 1901-ல் இறந்தார். அவர் காலத்தில் தொடங்கிய வியாபாரம் அவரோடு முடியவில்லை.

திரும்பிப் போவதும் நடக்கிறது. 2022-ல் ஜெர்மனி 1,100-க்கும் மேற்பட்ட பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. 2025-ல் நெதர்லாந்து 119 பொருட்களைத் திருப்பியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 900-க்கும் மேல் இருக்கின்றன. சேகரிப்பில் உள்ளதை எளிதில் வெளியே கொடுக்க முடியாதபடி 1963-ம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

அட்டையைப் படிப்பது எப்படி

அடுத்த முறை ஏதாவது அருங்காட்சியகத்திலோ அதன் இணையப் பக்கத்திலோ பெனின் பொருள் கண்ணில் பட்டால், உருவத்தைப் பார்த்த பிறகு விவர அட்டையில் "பெறப்பட்ட விதம்" என்ற வரியைப் படியுங்கள். "வெளியுறவு அமைச்சர் வழங்கியது" என்றிருந்தால் அது அரசாங்கப் பங்கு. "வெப்ஸ்டரிடம் வாங்கியது" என்றிருந்தால் அதிகாரி, ஏலம், டீலர் வழியாக வந்தது. "நன்கொடை" என்றிருந்தால் கொடுத்தவருக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி உணவுக்கூடத்தில் ஒரு பித்தளைச் சேவல் நின்றது. 1905-ல் ஒரு மாணவரின் தந்தை கொடுத்த நன்கொடை. கல்லூரியின் சின்னத்திலேயே சேவல் இருப்பதால் பொருத்தமான பரிசாகத் தோன்றியிருக்கும். பெனினில் அப்படிப்பட்ட சேவல்கள் அரசரின் தாய்க்கான பீடத்தில் நிற்பவை. மாணவர்கள் கேள்வி எழுப்பியதால் 2016-ல் அதை உணவுக்கூடத்திலிருந்து எடுத்தார்கள். 2021 அக்டோபரில் நைஜீரியப் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார்கள். அதை வாங்க வந்தவர்களில் ஓபாவின் தம்பியும் இருந்தார்.